அம்மா காலியாக விட்ட பக்கம்

1

இந்த ஊருக்கு வந்து இந்த மாதத்தோடு பதினோரு வருடம் ஆகிறது. வேல்ஸ் நாட்டின் மேற்கு ஓரத்தில் ஒரு கடலோரச் சிற்றூர். ஒரு பல்கலைக்கழகம், ஒரு ரயில் நிலையம், வருடம் முழுக்க மழை. இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் என்னிடம் கேட்டது வேறு. கோயமுத்தூரிலிருந்து போனவர் அங்கே எப்படிச் சிறப்பாக இருக்கிறார், நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஊக்கமாக நாலு வார்த்தை எழுதுங்கள் என்றார். நானும் பெருமையாகத்தான் ஆரம்பித்தேன். மூன்று பக்கம் எழுதியும் விட்டேன்.

அந்த நேரம் பார்த்து என் மேஜைக்கு ஒரு கேசட் வந்து சேர்ந்தது. அந்த மூன்று பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டேன். இனி எழுதப்போவதில் ஊக்கம் எதுவும் கிடையாது. பிடிக்காதவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் என் வேலை. ஊரில் யார் கேட்டாலும் 'ஆராய்ச்சி' என்று சொல்லி நழுவிவிடுவேன். என்ன ஆராய்ச்சி என்று தோண்டுகிறவர்களிடம் 'மொழி' என்பேன். இங்கிலீஷா என்பார்கள். ஆமாம் என்றுவிடுவேன். இங்கிலீஷ் இல்லை. அயர்லாந்தில் பேசும் ஐரிஷ், இங்கே பேசும் வெல்ஷ், பிரான்ஸ் கரையோரம் பேசும் பிரெத்தோன், கல்வெட்டில் மட்டும் மிஞ்சிய இன்னும் ஒன்றிரண்டு, இவையெல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அந்தத் தாய்க்கு மூலக் கெல்டிக் என்று பெயர் வைத்திருக்கிறோம். இரண்டாயிரத்தைந்நூறு வருடத்துக்கு முன்னால் செத்துப்போன மொழி. ஒரு வரிகூட யாரும் எழுதி வைக்கவில்லை. பிள்ளைகள் பேசுவதை ஒப்பிட்டுப் பார்த்துத் தாய் என்ன பேசியிருப்பாள் என்று கண்டுபிடிக்க வேண்டும். சொல்லைக் கண்டுபிடித்து, வேற்றுமை உருபைக் கண்டுபிடித்து, வினை எப்படி நடந்திருக்கும் என்று அட்டவணை போட வேண்டும். அப்படிக் கண்டுபிடித்த ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவோம். யாரும் காதால் கேட்டதில்லை, எழுத்தில் பார்த்ததில்லை, எங்கள் ஊகம்தான் என்று அதற்கு அர்த்தம்.

என் மகள் நிலாவுக்கு ஒன்பது வயது. வெல்ஷ் வழிப் பள்ளியில் படிக்கிறாள். 'என் அப்பாவின் வேலை' என்று கட்டுரை எழுதச் சொன்னதற்கு, 'என் அப்பா செத்துப்போனவர்களுக்கு இலக்கணம் எழுதுகிறார்' என்று வெல்ஷில் எழுதியிருந்தாள். ஆசிரியை அதன் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் ஒட்டி அனுப்பியிருந்தார். அந்தக் கட்டுரையை வாசிக்க நிலாவின் உதவி எனக்குத் தேவைப்படவில்லை. நான் எழுதும் தமிழ்க் கடிதத்தை அவளால் வாசிக்க முடியாது.

2

எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர்கள். அப்பாதான் முதலில் அதைவிட்டு கணபதியில் ஒரு வார்ப்படப் பட்டறைக்குப் போனார். அம்மா துடியலூரைச் சுற்றி இருந்த தோட்டங்களில் களை எடுத்து, கடலை பறித்து, எங்கள் மூன்று பேரையும் படிக்க வைத்தாள். மூத்தவள் மரகதம் அக்கா, இப்போது ஆனைமலையில் இருக்கிறாள். நடுவில் நான். தம்பி மணி, கணபதியில் சொந்தமாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறான். அப்பா போன பிறகு அம்மா அவனோடுதான்.

நகரத்துக் கல்லூரி விடுதியில் சேர்ந்த முதல் வாரமே என் பேச்சைப் பிடித்துக்கொண்டார்கள். வீட்டை ஊடு என்பேன். வேண்டும் என்பதை வேணும் என்றுகூடச் சொல்ல வராது, வேணுமுங்க என்பேன். வாயைத் திறந்தால் சிரிப்பு. ஆறு மாதத்தில் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவிவிட்டேன். அதோடு விட்டிருக்கலாம். அம்மா ஒரு நாள் பலகாரம் எடுத்துக்கொண்டு விடுதிக்கு வந்தாள். வாசல்வரை ஓடிப்போய், "பசங்க இருக்காங்க, நீங்க ஒண்ணும் பேசாம இருங்கம்மா" என்றேன். அம்மா ஏன் என்று கேட்கவில்லை. நண்பர்கள் வந்து நலம் விசாரித்தபோது தலையை மட்டும் ஆட்டினாள். அதன் பிறகு எத்தனை முறை வந்தாலும் தலையை மட்டும்தான் ஆட்டுவாள். இவர்களுக்குப் பேச வராதோ என்று ஒருவன் என்னிடம் கேட்டான்.

இங்கே வந்த முதல் வருடம் எங்கள் பேராசிரியர் சொல்லிக் கொடுத்த முதல் விதி என்ன தெரியுமா? மூலக் கெல்டிக் பேசிய ஜனங்கள் சொல்லின் முதலில் வரும் 'ப'வை விழுங்கிவிட்டார்கள். லத்தீனில் அப்பாவுக்கு 'பாத்தெர்', ஐரிஷில் 'அஹிர்'. லத்தீனில் மீனுக்கு 'பிஸ்கிஸ்', ஐரிஷில் 'ஈஅஸ்க்'. இந்த ஒரு எழுத்து விழுந்ததை வைத்து உலகம் முழுக்க எத்தனை பேர் டாக்டர் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். எங்கள் அம்மா 'வ'வை விழுங்கினால் மட்டும் எனக்கு மானம் போய்விட்டது.

வெல்ஷில் மீனுக்கு 'பஸ்கோட்'. இதோ 'ப' இருக்கிறதே என்று புது மாணவர்கள் துள்ளுவார்கள். துள்ளக்கூடாது. அது ரோமானியர்கள் இங்கே வந்தபோது அவர்களிடம் கடன் வாங்கிய சொல். இரண்டு சாட்சிகள் ஒரே மாதிரி சொன்னால், அது தாயிடமிருந்து வந்ததா, இல்லை ஒருத்தரைப் பார்த்து இன்னொருத்தர் சொன்னதா என்று முதலில் பார்க்க வேண்டும். இதை வருடா வருடம் நான்தான் வகுப்பில் நடத்துகிறேன். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

3

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என் கடிதங்களை மணிதான் வாசித்துக் காட்டுவான். அவற்றை நான் எப்படி எழுதுவேன் என்று நினைக்கிறீர்கள்? 'அன்புள்ள அன்னைக்கு, நலம், நலமறிய அவா.' கழுவிய தமிழ்தான் கையில் இருந்தது.

நாலு வருடம் முன்பு மணி ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கினான். வளைகுடாவுக்குப் போனவர்கள் வீட்டில் அப்போது கேசட்டில் பேசி அனுப்புவது வழக்கம். அதைப் பார்த்து அம்மாவும் ஒரு தொண்ணூறு நிமிடக் கேசட்டில் பேசி எனக்கு அனுப்பினாள். உறைமேல் ஒட்டிய சுங்கச் சீட்டில், உள்ளே என்ன பொருள் என்ற இடத்தில், மணி 'அம்மா குரல்' என்று தமிழிலேயே எழுதியிருந்தான். எந்த அதிகாரியும் பிரித்துப் பார்க்கவில்லை.

வந்த அன்றே போட்டுக் கேட்டேன். துடியலூரில் மழை, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு, யார் வீட்டில் கல்யாணம், யார் போய்ச் சேர்ந்தார்கள். பத்து நிமிடம் ஆயிற்று. எல்லாம் இப்படித்தான் இருக்கும், மீதியை அப்புறம் கேட்போம் என்று நிறுத்தி அலமாரியில் வைத்தேன். அது அங்கேயே கிடந்தது.

இரண்டு வாரம் கழித்து அயர்லாந்திலிருந்து எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் வந்தார். மூலக் கெல்டிக் வினைச்சொற்களில் அவருக்கு மிஞ்சிய ஆள் கிடையாது. மறுநாள் காலையில் ஊருக்குக் கிளம்புகிறவர், ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்களுக்காக ஒரு உரை நிகழ்த்த ஒப்புக்கொண்டார். பதிவு செய்கிற பொறுப்பு என்னுடையது. வெற்றுக் கேசட் வாங்கி வைக்க மறந்துபோனேன். இங்கே ஞாயிற்றுக்கிழமை கடை ஒன்றும் திறந்திருக்காது. வீட்டுக்கு ஓடிவந்தேன், அலமாரியில் அம்மாவின் கேசட் இருந்தது.

கேசட்டின் முதுகில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்குமல்லவா, பக்கத்துக்கு ஒன்றாக? பல்லை உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் வேறு எதையும் பதிய முடியாது. அம்மா பேசிய பக்கத்துப் பல்லை மணி உடைத்திருந்தான். மற்றொன்று அப்படியே இருந்தது. அரைகுறை வேலை செய்கிறான் பாருங்கள் என்று அவனைத் திட்டினேன். உடைந்த இடத்தில் ஒரு துண்டு செல்லோ டேப்பை ஒட்டினேன். ஒட்டிவிட்டால் மறுபடி பதியலாம், அந்த வித்தை எனக்குத் தெரியும். ஒட்டும்போது கை நடுங்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். நடுங்கவில்லை. நேரமாகிறதே என்றுதான் இருந்தது.

4

அடுத்த ஞாயிறு வழக்கம்போல மணியின் பட்டறைக்குப் போன் செய்தேன். தபால் போய்ச் சேர ஒரு மாதம் ஆகும் என்று மணி சொன்ன கணக்கை வைத்து அம்மா காத்திருந்தாள்.

"டேப்பு கேட்டியா கண்ணு?"

"கேட்டேம்மா. எல்லாம் கேட்டேன்."

"அப்ப நாஞ்சொன்னதைச் செய்வியல்ல?"

"செய்யறேம்மா."

அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. என்ன சொன்னாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? போனை வைத்த பிறகுதான் எதற்கு ஒப்புக்கொண்டேன் என்று யோசித்தேன்.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும், "செஞ்சியா கண்ணு?" என்பாள். "செஞ்சுட்டே இருக்கேன்" என்பேன். எதைச் செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். கேட்டால் நான் கேசட்டைக் கேட்கவில்லை என்று தெரிந்துபோகும். அழித்துவிட்டேன் என்றும் தெரிந்துபோகும். அதற்குப் பதில் நான் செய்தது, இந்தத் தொழிலில் இருக்கிற ஒருத்தன் மட்டுமே செய்யக்கூடிய கோமாளித்தனம். அக்காவுக்கும் மணிக்கும் ஒரே நாளில் தனித்தனியாகக் கடிதம் போட்டேன். கேசட்டில் சில இடங்கள் தெளிவாக இல்லை, அம்மா என்னைக் கேட்டது என்ன என்று உனக்குத் தெரிந்ததை எழுது, அம்மாவிடம் சொல்லாதே, வருத்தப்படும் என்று. பிள்ளைகள் சொல்வதை வைத்துத் தாய் சொன்னதைக் கண்டுபிடிப்பதுதானே என் வேலை.

இரண்டு பதிலும் ஒரே வாரத்தில் வந்தன. 'அம்மாவுக்கு ஒருக்கா அங்க வந்து உங்கூட இருக்கோணும்னு ஆசை தம்பி' என்று அக்கா. 'அம்மா அங்க வந்து உங்ககூட இருக்கோணும்னு சொல்லுச்சுங்ணா' என்று மணி. இரண்டு சாட்சி, இரண்டு ஊர், ஒரே வாக்கியம். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. நட்சத்திரக் குறிகூடத் தேவையில்லை என்று நினைத்தேன்.

5

அம்மாவை வரவழைக்கும் வேலையை ஆரம்பித்தேன். என் சம்பளச் சான்று, வீட்டில் எத்தனை அறை என்பதற்குச் சான்று, நான் அம்மாவின் மகன்தான் என்பதற்குச் சான்று. அம்மாவுக்குப் பிறந்த தேதி கிடையாது. ஒரு பஞ்ச வருடத்தில் பிறந்ததாகத்தான் அவளுக்குத் தெரியும். அதைப் பாரத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? மணி பட்டறையைப் பூட்டிவிட்டு நோட்டரிக்கும் தாலுகா ஆபீசுக்கும் இரண்டு மாதம் அலைந்தான். அம்மாவைப் புகைப்படம் எடுக்கக் கூட்டிக்கொண்டு போனான். கடைசியில் மெட்ராஸில் விசா அலுவலகத்தில் நேர்காணல். அம்மா வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த ஊரைப் பார்த்தாள்.

மறுப்புக் கடிதம் எனக்கு வந்தது. விண்ணப்பதாரருக்குப் பயணம் செய்யும் விருப்பம் இல்லை என்று அவரே சொன்னதாக அதில் இருந்தது. அழைப்பவரின் தொழில் பற்றியும் தெளிவான விவரம் இல்லையாம். உள்ளே நடந்ததை மணி பிறகு சொன்னான். மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டிருக்கிறார்கள், ஏன் அந்த நாட்டுக்குப் போக விரும்புகிறீர்கள் என்று.

"எனக்கு ஒண்ணும் போகோணும்னு இல்லீங்க. பையன் வா வான்னு கூப்படறான். அவன் மனசு கோணக்கூடாதல்லங்க."

"உங்கள் மகனுக்கு அங்கே என்ன வேலை?"

"செத்தவங்க பேச்சை எழுதறானுங்க."

அந்த அதிகாரி மேல் ஒரு தப்பும் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். ஆனால் அன்றைக்கு எனக்குத் தலைக்கேறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போனில் கத்தினேன்.

"ஏம்மா அப்படிச் சொன்னீங்க? நீங்கதானே டேப்புல கேட்டீங்க, இங்க வரணும்னு?"

"நானா? நான் எப்பக் கண்ணு கேட்டேன்?"

பிறகு அம்மா, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"ஆமாங்கண்ணு. கேட்டிருப்பேன். வயசாச்சுல்ல, மறந்துபோட்டேன்."

அவள் மறக்கவில்லை. நான் கேசட்டைக் கேட்கவே இல்லை என்று அந்த நொடியில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரியக்கூடாது என்று பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டாள். இதுவும் எனக்கு அப்போதே தெரியும். தெரியாதது மாதிரி, "சரி விடுங்கம்மா, பரவாயில்லை" என்று பெரிய மனசு பண்ணி மன்னித்தேன். என் அம்மாவை நான் மன்னித்தேன். இதை எழுதும்போது முகம் எரிகிறது.

அதற்குப் பிறகு 'செஞ்சியா' என்று அம்மா ஒரு தடவையும் கேட்கவில்லை. நானும் ஊர்ப்பக்கம் போகவில்லை. குடியுரிமைக்கு விண்ணப்பித்துப் பாஸ்போர்ட் அவர்களிடம் ஒரு வருடத்துக்கு மேல் கிடந்தது என்பது உண்மை. அது திரும்பி வந்தும் போகவில்லை என்பதும் உண்மை. ஞாயிற்றுக்கிழமைப் போன் மட்டும் தவறாது. இந்த ஒரு வருடமாக அம்மா நான் கேட்பதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வாள். "மழை பேஞ்சுதாம்மா?" என்றால், "நல்லா இருக்கறேன் கண்ணு. சாப்பிட்டியா?" என்பாள். செயற்கைக்கோள் வழியாக வரும் குரல் தாமதமாகிறது என்று நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டேன்.

6

இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுவிடும் என்று இங்கே ஒரே கலவரம். எங்கள் துறையில் அந்தச் சாக்கில் பழைய கேசட்டுகளை எல்லாம் குறுந்தகட்டுக்கு மாற்றுகிறார்கள். பட்டியல் போடுகிறவர் மேர் என்கிற தட்டச்சுக்கார அம்மா. உள்ளூர்க்காரர், வெல்ஷ்தான் தாய்மொழி, ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம். பெரியவரின் வினைச்சொல் உரையை அன்றைக்குக் கேட்டுத் தட்டச்சு செய்தவரும் அவர்தான். சென்ற மாதம் அந்தக் கேசட்டோடு என் மேஜைக்கு வந்தார்.

"இதில் முதல் பக்கம் கடைசியில் ஒரு அம்மா பேசுகிறார். உங்கள் மொழி மாதிரி இருக்கிறது. பட்டியலில் என்ன எழுத? இல்லை, அழித்துவிடலாமா?"

எனக்குப் புரியவே இல்லை. பிறகு புரிந்தது. பெரியவர் நாற்பது நிமிடம் பேசிவிட்டுத் தேநீர் கேட்டார். நிறுத்தினேன். இடைவேளை முடிந்ததும் கேசட்டைத் திருப்பிப் போட்டு இரண்டாம் பாதியைப் பதிந்தேன். முதல் பக்கத்தின் கடைசி ஐந்து நிமிடத்தின் மேல் யாரும் எதையும் பதியவில்லை. நாலு வருடமாக அது என் அறைக்கு மூன்று அறை தள்ளி, இழுப்பறையில் இருந்திருக்கிறது. பிள்ளைகளின் சாட்சியை ஒப்பிடுகிறதெல்லாம் எழுத்தில் எதுவும் கிடைக்காதபோதுதான். முதலில் கல்வெட்டு இருக்கிறதா என்று தேட வேண்டும். நான் தேடவே இல்லை.

"உங்களுக்கு இது முன்னாலேயே தெரியுமா?" என்று மேரிடம் கேட்டேன்.

"தட்டச்சு செய்த அன்றைக்கே காதில் விழுந்தது. நீங்கள் தெரிந்துதான் விட்டிருக்கிறீர்கள் என்று நினைத்தேன். எனக்கு ஒரு வார்த்தையும் புரியாது. ஆனால் யாரிடமோ எதையோ கேட்கிறார், அது மட்டும் தெரிந்தது. மனசு சரியில்லாத நாளில் அப்பப்போ போட்டுக் கேட்பேன்."

ஒரு வார்த்தை புரியாத மேர் பல தடவை கேட்டிருக்கிறார். ஒவ்வொரு வார்த்தையும் புரிகிற நான் கேட்கவில்லை. அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு போட்டேன். பெரியவர் தேநீர் கேட்டார், ஒரு சொடுக்குச் சத்தம், உடனே அம்மா.

"...அதுனால எனக்கு ஒண்ணும் அனுப்ப வேண்டாங்கண்ணு. பொடவை வேண்டாம், கம்பளி வேண்டாம். உன்ற லெட்டரை மணி படிக்கறான். ரேடியோல நூஸ் படிக்கற மாதிரி இருக்குது. அதுல நீ இல்லை சாமி. சின்னப்புள்ளைல நம்மூட்டுல பேசுவியல்ல, அப்படிப் பேசோணும். இந்தப் பக்கம் பூரா நான் பேசியாச்சு. அந்தப் பக்கத்தை உனக்குன்னு காலியா உட்டிருக்கறேன். அந்தப் பல்லை ஒடைக்க வேண்டான்னு மணிகிட்டச் சொல்லிப்போட்டேன். அதுல பேசி, இதையே திருப்பி அனுப்பு. என்ன சாப்பிட்டே, எத்தனை மணிக்கு எந்திரிச்சே, அது போதும். எனக்கு வலது காது அடைச்சுட்டே வருது. இன்னொரு காது நல்லா இருக்கறப்பவே கேட்டுப்போடறேன். மணீ... இதை எப்படிடா நிறுத்தறது?"

அவ்வளவுதான் அம்மா என்னிடம் கேட்டது. காசா, பணமா, விசாவா? காலியாக விட்ட பக்கத்தில் நான் பேச வேண்டும். அந்தப் பக்கத்தில் அயர்லாந்துப் பெரியவர் மூலக் கெல்டிக்கின் எதிர்கால வினையை விளக்கிக்கொண்டிருக்கிறார், நாற்பத்தைந்து நிமிடம்.

மாலையில் மேர் வந்து என்ன சொல்கிறார் அந்த அம்மா என்று கேட்டார். ஒன்றுமில்லை, குடும்ப விஷயம் என்றேன். பட்டியலில் பேசுபவர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. அம்மாவின் பெயரை எழுதினேன். உறவு எழுதக் கட்டம் இல்லை, நானும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நாற்பது வயதைத் தாண்டியும் அதே விடுதி வாசலில்தான் நிற்கிறேன்.

7

அன்றே மணிக்குப் போன் செய்து, நீ எப்படி அப்படி எழுதினாய் என்று கேட்டேன்.

"அம்மா பேசறப்ப நான் உள்ளயே இல்லீங்ணா. பட்டனை அமுக்கிட்டு வெளிய போடான்னு தொரத்திப்போட்டுது. பல்லை ஒடைக்க வேண்டான்னு சொன்னது மட்டுந்தான் தெரியும், எதுக்குன்னு கேட்டுக்கலை. உங்க லெட்டரு வந்ததும் அக்காளைக் கேட்டேன். அக்கா சொன்னதை எழுதினேன்."

அக்காவைக் கேட்டேன். "நான் எங்க தம்பி அங்க இருந்தேன்? நான் இருந்தது ஆனைமலைல. பெத்தவளுக்கு வேற என்ன ஆசை இருக்கும், மகனோட இருக்கோணும்னுதான் இருக்கும்னு மணிகிட்டச் சொன்னேன். உனக்கும் எழுதினேன்." அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு எதற்கு அழுகை? ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் சொன்னதைத் தாய் சொன்னதாக எடுத்துக்கொண்டது நான்தான். 'பஸ்கோட்' பாடத்தை இந்த வருடம் நடத்தும்போது நடுவில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

புதுக் கேசட் வாங்கினேன். இந்தத் தடவை இரண்டு. மதிய இடைவேளையில் காரில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தேன். 'அன்புள்ள அம்மா' என்று தொடங்கியதுமே நிறுத்தினேன். மறுபடி ஆரம்பித்தால் 'இங்கு நாங்கள் அனைவரும்' என்று வருகிறது. ரேடியோதான். நம் வீட்டில் காலையில் எழுந்ததை எப்படிச் சொல்வோம், பசிக்கிறதை எப்படிச் சொல்வோம் என்று ஒவ்வொன்றாக யோசித்துத் தாளில் குறித்துக்கொண்டேன். என் சொந்தப் பேச்சுக்கு முன்னால் நட்சத்திரம் போட வேண்டிய நிலைமை. ஐந்தாவது நாள், "ஏனுங்கம்மா, நாந்தான்" என்று வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போனேன். என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு எழுந்தேன். செல்லோ டேப் ஒட்டியதையும் சொன்னேன். போனில் பொய் சொன்னதையும், விடுதி வாசலில் பேசாதீர்கள் என்றதையும் சொன்னேன்.

கடைசிப் பகுதியை வீட்டில் பேசும்போது நிலா கதவருகில் நின்றிருந்தாள். யாரோடு பேசுகிறாய் என்று வெல்ஷில் கேட்டாள். அப்பாயியோடு என்றேன். "நீ இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லையே" என்றாள். நின்றாள், கொஞ்சம் கேட்டாள், பிறகு புரியாமல் போய்விட்டாள்.

ஒரு பக்கத்தில் பேசி அந்தப் பல்லை மட்டும் உடைத்தேன். சுங்கச் சீட்டில் உள்ளே என்ன பொருள் என்ற இடத்தில் 'குரல்' என்று எழுதினேன். தபால் அலுவலகப் பெண் இதற்கு என்ன மதிப்பு போடுவது என்றாள். பூஜ்யம் போடச் சொன்னேன்.

சென்ற ஞாயிறு போன் செய்தேன். மணி எடுத்து, உடனே அம்மாவிடம் கொடுத்தான்.

"அம்மா, டேப்பு வந்துதா? கேட்டீங்களா?"

"கேட்டேன் கண்ணு" என்றாள். "எல்லாம் கேட்டேன்."

குரலில் அப்படி ஒரு சந்தோஷம். கோபமில்லையாம்மா என்றேன். நல்லா இருக்கறேன் கண்ணு, சாப்பிட்டியா என்றாள். செல்லோ டேப் ஒட்டியதைச் சொன்னேனே என்றேன். பாப்பா நல்லா படிக்கறாளா என்றாள். மணியிடம் கொடுங்கம்மா, மணியிடம் கொடுங்க என்று இரண்டு மூன்று தடவை சொன்னேன். கடைசியில் மணியே வாங்கிக்கொண்டான்.

"அண்ணா, மனசைத் தேத்திக்கோங்க. அம்மாவுக்கு ரெண்டு காதும் கேக்கறதில்லீங்ணா. ஒரு வருசமாச்சு. உங்களுக்குச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிப்போட்டுது. போன்ல நீங்க பேசறப்ப நான்தான் எதுத்தாப்புல நின்னு, இப்பப் பேசுன்னு கை காட்டுவேன்."

அவனே தொடர்ந்தான்.

"மூணு நாளா டேப்பை ஓட்டி மடில வெச்சுட்டு, அது மேல கையை வெச்சுட்டு உக்காந்திருக்குது. என்ன சொல்லிருக்கறான்னு கேக்கலீங்ணா. நாஞ்சொல்றேன்னு ஜாடை காட்டினாலும் வேண்டாங்குது. 'இன்னும் பேசறானா'ன்னு அப்பப்பக் கேக்கும். தலையாட்டுவேன். முடிஞ்சதும் சொல்லுன்னுச்சு, சொன்னேன். இப்ப அந்தப் பக்கம் காலியா இருக்குதே, அது எனக்கா உட்டிருக்கறான், நான் பேசட்டுமான்னு கேட்டுட்டு நிக்குது. என்னங்ணா சொல்லட்டும்?"

பேசச் சொல்லு என்றேன். முழுப் பக்கமும் பேசச் சொல்லு என்றேன். வாயால் சொல்லி என்ன பயன்? மணி தலையைத்தான் ஆட்டியிருப்பான்.